நேராக நின்ற ஏழு

கையால் திருகும் டின் ஓப்பனர் ஒன்றை என்னிடம் கொடுத்தால், சாவியை ஒரே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து அது எத்தனை நாள் உழைக்கும் என்று சொல்லிவிடுவேன். மனிதர்கள் விஷயத்தில் அந்தச் சாமர்த்தியம் எனக்கு இல்லை. இருந்திருந்தால் என் தங்கைக்கு அந்த ஆளைப் பார்த்துக் கட்டிவைத்திருக்க மாட்டேன்.

அந்த ஆள் என்றால் எங்கள் மாப்பிள்ளை. ஓப்பனர் தொழிற்சாலையில் அவர் மேனேஜர். நான் அங்கே சோதனைப் பெஞ்சில் பத்தொன்பது வருடம் இருந்தேன். வேலைக்கு வந்த புதிதில் அடக்க ஒடுக்கமாக இருந்தார், "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிட்டார், நான் ஏமாந்தேன்.

என் வேலை இதுதான். நூறு ஓப்பனர் கொண்ட ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றாலும் நூறு டின் திறக்க வேண்டும். தண்ணீர் அடைத்த டின்கள். வெட்டும் சக்கரம் மழுங்குகிறதா, விளிம்பைப் பிடித்து நகர்த்தும் பல்சக்கரம் வழுக்குகிறதா, ரிவெட் தளர்ந்து பிடிகள் ஆடுகின்றனவா, இரும்புப் பிசிறு உள்ளே விழுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றும் தேறினால் அந்தப் பெட்டியில் உள்ள நூறுக்கும் பிடியின் உட்பக்கத்தில் நம்பர் பஞ்சை, அதாவது நுனியில் எண் செதுக்கிய எஃகு ஆணியை, வைத்துச் சுத்தியலால் என் எண்ணை அடிப்பேன். என் எண் ஏழு. ஏழு இருந்தால் நான் பொறுப்பு என்று எல்லோரிடமும் ஜம்பமாகச் சொல்வேன். அந்த ஜம்பம்தான் என் கழுத்தை அறுத்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் இடது கைக்காரி. தொழிற்சாலையில் எனக்கு நொட்டாங்கை அக்கா என்றே பெயர். டின் ஓப்பனர் என்பது வலது கைக்காரர்களுக்காக வலது கைக்காரர்கள் செய்த சாமான். நான் அதைத் திருகும்போது மணிக்கட்டு கோணிக்கொள்ளும், பிடி நழுவப் பார்க்கும். முதலாளி அதற்காகவே என்னைச் சோதனைப் பெஞ்சில் உட்காரவைத்தார். "உன் கையிலேயே வழுக்கலைன்னா வேற எவன் கையிலயும் வழுக்காது" என்பார்.

மாப்பிள்ளை ஒரு தடவை மலிவான எஃகு வாங்கினார். பதம் ஏற்றாத எஃகு. பார்வைக்குப் பளபளவென்று இருக்கும், இருபதாவது டின்னில் சக்கரம் மொக்கையாகிவிடும். அதில் செய்த ஆறு பெட்டியையும் நான் தள்ளிவிட்டேன்.

"கொஞ்சம் கண்டுக்காம விடுங்கக்கா" என்றார்.

"கண்டுக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றேன்.

அடுத்த வாரம் கண் ஆபரேஷனுக்காகப் பத்து நாள் லீவில் போனேன். நம்பர் பஞ்சை மேசை டிராயரில் போட்டுவிட்டு, பூட்டாமல் போனேன். பத்தொன்பது வருடத்தில் அதை யாரும் தொட்டதில்லை.

நான் திரும்பி வந்து ஒரு மாதத்தில் ஒரு பள்ளி விடுதிச் சமையல்காரியிடமிருந்து புகார் வந்தது. திருகிக்கொண்டிருக்கும்போதே பிடி கழன்று, பாதி வெட்டிய மூடி உள்ளங்கையைக் கிழித்து, நாலு தையல். அந்த ஓப்பனரையும் அனுப்பியிருந்தாள். முதலாளி அதை மேசைமேல் வைத்து, "இது யாரோட நம்பர்?" என்றார். எனக்குக் கண் இன்னும் சரியாகத் தெளியவில்லை. ஏழு என்று தெரிந்தது. அது எப்படி நிற்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. "என் நம்பர்தான் சார், ஆனா..." என்று ஆரம்பித்தேன். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வருவதைக் கேட்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "அக்காவுக்குக் கண்ணு சரியில்ல சார், வயசும் ஆயிடுச்சு, சொல்லவே கஷ்டமா இருக்கு" என்றார். அன்று மதியமே என்னை அனுப்பிவிட்டார்கள்.

நேரே தங்கை வீட்டுக்குப் போனேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. "உன் புருஷன்தான் ஏதோ பண்ணியிருக்கார்டி" என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே, "நம்பர் உன்னோடதுதானே அக்கா? அப்புறம் அவரை ஏன் இழுக்கறே?" என்றாள். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பெண். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. வேலை போனதுகூட எனக்குப் பெரிதில்லை. ஒருத்தி கையைக் கிழித்த ஓப்பனரை நான் பார்த்துத்தான் அனுப்பினேன் என்று என் தங்கை நம்புகிறாள். அந்த நம்பிக்கையை அவள் புருஷன் வாயாலேயே உடைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஸ்டோர் பொறுப்பு கிடைத்தது. தினமும் ஆயிரம் பேருக்குச் சமைக்கிற இடம். சேர்ந்த நாலாவது மாதம், ஒரு வார்டிலிருந்து வெட்டாத ஓப்பனர் ஒன்று ஸ்டோருக்குத் திரும்பி வந்தது. பிடியைப் புரட்டினேன். ஏழு. நேராக நின்ற ஏழு.

முத்திரை அடிக்கும்போது வலது கைக்காரர்கள் ஓப்பனரின் சக்கரத் தலையைத் தங்கள் இடப்பக்கம் பார்த்து வைப்பார்கள். நான் எல்லாவற்றையும் மாற்றித்தான் வைப்பேன், தலை என் வலப்பக்கம் இருக்கும். அதனால் என் ஏழு எப்போதும் தலைகீழாகத்தான் விழும். பத்தொன்பது வருடத்தில் ஒன்றுகூட நேராக நின்றதில்லை.

லீவில் இருந்தபோது என் பஞ்சை எடுத்து அடித்திருக்கிறார்கள். ஆனால் ஒற்றை ஓப்பனரைக் காட்டி யாரிடம் நியாயம் கேட்பது? கண் தெரியாமல் மாற்றி அடித்திருப்பாள் என்று மாப்பிள்ளை ஒரே வார்த்தையில் ஊதித் தள்ளிவிடுவார். தலைகீழ் ஏழும் நேர் ஏழும் அவர் கையாலேயே, நாலு பேர் முன்னால், ஒரே மேசைக்கு வரவேண்டும். ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

சமையலறையின் மின்சார ஓப்பனர்கள் இரண்டாம் முறையும் புகைந்து நின்றபோது, எங்கள் சூப்பர்வைசரம்மா எல்லா வார்டுக்கும் கை ஓப்பனரே வாங்கிவிடலாம் என்றார். நிபந்தனைகளை எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஆறு மாதிரி காட்ட வேண்டும், அவை தேறினால் அன்றைக்கே நூறு ஓப்பனர் இறக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் சோதித்தவர் முத்திரை இருக்க வேண்டும் என்று எழுதினேன். விற்க வந்தவரே டின்னைத் திறந்துகாட்ட வேண்டும் என்று கடைசியாகச் சேர்க்கும்போது எனக்கே சிரிப்பு வந்தது.

மாப்பிள்ளை என்ன செய்வார் என்பது எனக்கு அத்துப்படி. வருகிறவர்களிடம் காட்டுவதற்கென்றே நான் தேர்ச்சி பண்ணிய பழைய ஓப்பனர்களை அவர் ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் வைத்திருப்பார். மாதிரியாக அவை வரும். என் இடத்தில் வேறு யாரையும் போடவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்படியானால் முத்திரை விழுந்த சரக்கு நூறு வேண்டுமென்றால், புகாருக்குப் பிறகு கிடங்கில் தேங்கிய அந்தப் பெட்டிகளைத்தான் தொடவேண்டும். நான் இங்கே இருப்பது அவருக்குத் தெரியாது.

எங்கள் நிபந்தனைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்த மாப்பிள்ளை, சொன்ன நாளில் மாதிரி ஆறையும் நூறு ஓப்பனர் கொண்ட ஒரு பெட்டியையும் எடுத்துக்கொண்டு பத்து மணிக்கு வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. என்னைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி ஒரு நொடி நின்றார். பிறகு பல் முப்பத்திரண்டும் தெரிந்தது.

"அக்கா! நீங்க இங்கயா இருக்கீங்க? அப்புறம் என்ன, நம்ம வீடு மாதிரி!"

"இங்க மேடம்னு கூப்பிடணும்."

"சரிங்க மேடம்" என்றார், கூச்சமே இல்லாமல்.

மாதிரி ஆறையும் புரட்டினேன். ஆறும் தலைகீழ் ஏழு. பழைய சிநேகிதர்களைப் பார்த்தது போல இருந்தது. "இது ஆறும் தேறும்மா, திறக்கவே வேணாம்" என்று சூப்பர்வைசரம்மாவிடம் சொன்னேன். மாப்பிள்ளைக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அப்புறம் சொன்னேன்: "இப்ப பெட்டியிலிருந்து ஒண்ணு எடுத்து, மதியத்துக்கான பட்டாணி டின்னைத் திறந்துடுங்க. எண்பது இருக்கு."

"நானா?"

"கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. படிக்கலையா?"

சட்டைக் கையை மடித்துவிட்டு ஆரம்பித்தார். முதல் பத்து டின் ஜோராகப் போனது. பதினைந்தில் சத்தம் மாறியது. எஃகு வெட்டும்போது ஒரு சத்தம் வரும், நசுக்கும்போது வேறு சத்தம் வரும். இது நசுக்கியது. பதினெட்டில் சக்கரம் விளிம்பை விட்டு ஏறி ஏறி விழுந்தது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் அதே கதை. அதற்குள் காய் நறுக்குகிறவர்கள் எல்லாம் கத்தியை வைத்துவிட்டுச் சுற்றி நின்றுவிட்டார்கள். தலைமைச் சமையல்காரருக்கு உலை கொதிக்கிற அவசரம்.

"சார், டின்னைத் திறக்கச் சொன்னா தடவிக் குடுத்துக்கிட்டு இருக்கீங்களே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்றாவது ஓப்பனரில் ரிவெட் ஆடியது. நாற்பதாவது டின்னில் அவர் உள்ளங்கைக் கொப்புளம் உடைந்தது. பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய். எனக்கு வயிறு குளிர்ந்தது. அந்த விடுதிச் சமையல்காரியின் நாலு தையலை நினைத்துக்கொண்டேன், இன்னும் கொஞ்சம் குளிர்ந்தது.

சூப்பர்வைசரம்மா ஒரு டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். பட்டாணிக்கு நடுவே தலைமுடி மாதிரி ஓர் இரும்புப் பிசிறு. "இதை நோயாளிக்கா குடுக்கறது?" என்றார். நான் மாதிரிகளில் ஒன்றை மாப்பிள்ளையிடம் நீட்டினேன். "இதால ஒண்ணு திறங்க." ஒரே சுற்றில் மூடி கழன்று வந்தது. பிறகு அதையும் பெட்டியிலிருந்து வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிடிகளை விரித்துக் காட்டினேன்.

"ரெண்டும் ஏழு. ஆனா ஒண்ணு தலைகீழா இருக்கு" என்றார் சூப்பர்வைசரம்மா. கொஞ்சம் யோசித்தார். என் கையெழுத்தை அவர் தினமும் ஸ்டோர் ரிஜிஸ்டரில் வாங்குகிறவர். "நீங்க இடது கை இல்ல?"

"ஆமாம்மா. தலைகீழா இருக்கறது எல்லாம் நான் அடிச்சது." மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். "நேரா நிக்கிறதை யார் அடிச்சாங்கன்னு நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை."

அவர் கையில் ஒட்டிய பட்டாணித் தண்ணீரைச் சட்டையிலேயே துடைத்தார்.

"நான் அடிக்கலக்கா."

"அப்ப தானா முளைச்சுதா?"

"ஃபேக்டரியில அடிச்சா யாராவது பாத்துடுவாங்கன்னு பெட்டியை எல்லாம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். பஞ்சையும்தான். உங்க தங்கச்சிதான் அடிச்சா. ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க, சாப்பாட்டு மேசையில உக்காந்து."

யாரோ அடுப்பைக் குறைத்தார்கள். ஒரு வருடமாக இந்த நாளை நூறு விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன், இந்த ஒரு விதத்தை நினைக்கவே இல்லை.

சூப்பர்வைசரம்மா அப்போதே முதலாளிக்குப் போன் போட்டார். மறுநாள் காலையில் அவர் நேரில் வந்தார். மன்னிப்புக் கேட்டார், பெஞ்சுக்குத் திரும்ப வரச் சொன்னார், மாப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். வரமாட்டேன் என்றேன். கேட்கக் கேட்க இனித்திருக்க வேண்டிய பேச்சு. ஆனால் என் நினைப்பெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே இருந்தது.

மதியம் ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததுமே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் புருஷன் உள் அறையை விட்டு வெளியே வரவில்லை.

"வேலை போயிடும்னு புலம்பினாருக்கா. உன்மேல முதலாளிக்கு அவ்வளவு நம்பிக்கை, உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாரு. நானும் நம்பிட்டேன்."

"அறுநூறு தடவை அடிச்சிருக்கே" என்றேன். "ஒரு தடவைகூட என் கை உனக்கு ஞாபகம் வரலையாடி?"

அவளுக்குப் புரியவில்லை. நடிப்பு இல்லை, உண்மையாகவே புரியவில்லை. எனக்குத் தாங்காமல் போனது அதுதான். சாப்பிட உட்கார்ந்தால் என் இடது முழங்கை அவள் வலது முழங்கையை இடிக்கும் என்று அம்மா அவளை எப்போதும் என் வலப்பக்கம்தான் உட்காரவைப்பாள். அவளுக்குக் கல்யாணம் ஆகும் வரை அப்படித்தான் சாப்பிட்டோம். கொஞ்சம் நினைத்துப் பார்த்து அவளும் தலைகீழாக அடித்திருந்தால், நான் ஜென்மத்துக்கும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். என் கண்ணைத்தான் நொந்துகொண்டிருப்பேன்.

"மன்னிச்சுடுக்கா" என்றாள்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். அவளை எதிரே உட்காரச் சொன்னேன். பையிலிருந்து ஒரு டின்னையும், நேற்று அவள் புருஷன் கையில் மழுங்கிய ஓப்பனரையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"திற."

கண்ணைத் துடைத்துக்கொண்டு திருகினாள். கால்வாசி வந்ததும் சக்கரம் வழுக்கியது. மறுபடி மாட்டினாள், மறுபடி வழுக்கியது. பிடி பதிந்து உள்ளங்கை சிவந்துபோனது. பிறகு பழக்கதோஷத்தில் டின்னையும் ஓப்பனரையும் என் பக்கம் நீட்டினாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். திறக்காத எதையும் என்னிடம் நீட்டுவாள், நான் திறந்து கொடுப்பேன். என் இடது கை தானாக எழுந்தது. அதை வலது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"நீயே திற" என்றேன். "பையில இன்னும் ஒன்பது டின் இருக்கு. நான் சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்."