கள்ளில் நடந்த பள்ளிக்கூடம்

மலாயாவில், கிள்ளானிலிருந்து பூச்சோங் பக்கம் போகிற செம்மண் சாலையில், ரப்பர் காட்டுக்கு நடுவே எங்கள் தோட்டம். அங்கே ஓலைக்கூரை போட்ட ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதற்கு எதிரே தகரக்கூரை போட்ட ஒரு கள்ளுக்கடை இருந்தது. எதற்கு ஓலை, எதற்குத் தகரம் என்பதிலேயே சர்க்காரின் மனசு எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

ரப்பர் விலை படுத்துவிட்ட 1931-ஆம் வருஷம் அது. கூலியைக் குறைத்துவிட்டுப் பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்த நாங்கள் வாயை மூடிக்கொண்டு பால்மரம் சீவினோம். மாரியாயி எனக்குப் பக்கத்து வீடு. வரிசையாகக் கட்டிய கூலி லயத்தில் பக்கத்து வீடு என்றால் நடுவே ஒரு பலகைதான்; அவள் புருஷன் ரெங்கசாமி கள்ளைக் குடித்துவிட்டுப் புலம்புவதை நானும் சேர்ந்தேதான் கேட்பேன்.

அவர்களுக்கு ஒரே பெண், தனலெட்சுமி. பத்து வயசு இருக்கும். ஒருநாள் சிலேட்டில் அம்மாவின் பேரை எழுதிக் காட்டினாள். மாரியாயி அந்தச் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு லயம் முழுக்க வீடு வீடாக நடந்தாள். "இதுதான் நானாம்!" என்று சிரித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பிடிவாதம். பெண் பால்வாளி தூக்கக் கூடாது, படிக்க வேண்டும்.

அந்த வருஷம் தீமிதிக்குக் காப்புக் கட்டிய அன்று, ரெங்கசாமியைக் கோயிலுக்கு இழுத்துப் போனாள்.

"இந்தப் புள்ள தலையில கைய வச்சுச் சொல்லுங்க. இனிமே கள்ளத் தொடமாட்டேன்னு."

ரெங்கசாமி பெண்ணின் தலையில் கை வைத்தான். எரிகிற சூடத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். காப்பு அவிழ்த்த பிறகும் அவன் குடிக்கவில்லை. அதைப் பார்த்து எங்களுக்கெல்லாம் துணிச்சல் வந்துவிட்டது. லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் புருஷனைக் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். கள்ளுக்கடைக்காரன் பெஞ்சில் படுத்துத் தூங்கினான். எங்களுக்கு அப்படியொரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது கொர்னேலியஸ் வாத்தியார் வாயிலிருந்து. அவர் கிள்ளான் வேதக்காரர், தினமும் சைக்கிளில் வந்து பாடம் சொல்லிக்கொடுப்பவர், நல்ல மனுஷர். ஒரு சாயங்காலம் பெண்களைப் பள்ளிக்கூட வாசலுக்குக் கூப்பிட்டார்.

"சர்க்கார் மானியத்த வெட்டிட்டாங்கம்மா. இனிமே என் சம்பளம் கள்ளுப் பண்டுலேர்ந்துதான் வரணும்னு தோட்டத்துத் தொரை சொல்லிட்டாரு. பண்டுல ஒண்ணுமே இல்ல. இந்த மாசத்தோட பள்ளிக்கூடத்தப் பூட்டிடுவாங்க."

கள்ளுப் பண்டு என்பது இதுதான். கள்ளுக்கடை வருமானத்தில் சர்க்காரின் பங்கு போக மிஞ்சும் லாபத்தைக் கூலிகளின் நன்மைக்கென்று ஒதுக்கி வைப்பார்கள். அதுவரை அதில் கோயிலுக்கு வெள்ளையடிப்பார்கள், தீபாவளிக்கு ஆடு வாங்குவார்கள். இப்போது அதன் தலையில் பள்ளிக்கூடத்தையும் கட்டிவிட்டார்கள். நாங்களோ கடையைக் காயப்போட்டு வைத்திருந்தோம்.

"ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நாங்களே குடுத்துடுறோம் சார்" என்றாள் மாரியாயி.

"கேட்டுட்டேம்மா. கூலிங்க கூடிக் காசு வசூல் பண்ணினா அது சங்கமாம். உங்களையெல்லாம் கப்பல் ஏத்திடுவாங்களாம்."

"தொரைமாருங்க இருக்காங்க, கிள்ளான்ல பங்களா கட்டுன சீனத் தவுக்கே மொதலாளிங்க இருக்காங்க. சர்க்கார் அவங்ககிட்ட வாங்கக் கூடாதா?"

"பெரிய சம்பாத்தியத்துக்கு வரி போடலாம்னு கோலாலம்பூர்ல ஒரு பேச்சு வந்துச்சாம். பெரிய மனுசங்கெல்லாம் வேணாம்னாங்க. விட்டுட்டாங்க."

"அப்ப நாங்க வேணாம்னு சொன்னா விட்டுடுவாங்களா சார்?"

வாத்தியார் குனிந்து சைக்கிள் சங்கிலியைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. நாங்கள் உரசுகிற தீப்பெட்டிக்கு வரி, மெல்லுகிற புகையிலைக்கு வரி. எங்களை யார் கூட்டம் போட்டுக் கேட்டார்கள்?

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் மாரியாயி முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்த்துப் புருஷனிடம் நீட்டினாள்.

"கள்ளுக்கடைக்குப் போயிட்டு வாங்க."

ரெங்கசாமி விறகு பிளந்துகொண்டிருந்தான். கோடாலியைக் கீழே போட்டான்.

"என்ன புள்ள, ஆழம் பாக்குறியா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் கறுத்துவிட்டது.

"புள்ள தலையில அடிச்ச சத்தியம். அத மீறச் சொல்றியா? அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"குடிக்க வேணாங்க. வாங்கிக் கீழ ஊத்திடுங்க. காசு உள்ள போனாப் போதும்."

அவன் அப்படியே செய்தான். கள்ளை வாங்கி, கடைக்குப் பின்னாலிருந்த தென்னைமரத்தடியில் ஊற்றிவிட்டு விறைப்பாக வீட்டுக்கு வந்தான். லயமே வாயில் கைவைத்துச் சிரித்தது. சிரித்த நாங்களும் வேறு வழி தெரியாமல் எங்கள் ஆம்பிளைகளிடம் காசைக் கொடுத்து அதையே சொன்னோம். என் வீட்டுக்காரர் மரத்தடி வரைக்கும்கூடப் போகவில்லை, நேரே வாயிலேயே ஊற்றிக்கொண்டார். ஆம்பிளைகளுக்கு அது ஒரு கேலியாகவும் ஆகிவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பள்ளிக்கூடத்துக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போவார்கள். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம்.

ரெங்கசாமி ரொம்ப நாள் தாக்குப்பிடித்தான். ஆனால் காலையிலிருந்து மரம் மரமாக அலைந்தவன் கையில் நுரைக்கிற கள்ளைக் கொடுத்துக் கீழே ஊற்று என்றால் எவ்வளவு நாள்தான் ஊற்றுவான்? ஒரு சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு வந்தான். தனலெட்சுமியின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஒன் தலையில அடிச்சேனே தாயி" என்று ஓவென்று அழுதான். பெண் ஒன்றும் புரியாமல் அம்மாவைப் பார்த்தாள். மாரியாயி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

ஆனால் பள்ளிக்கூடத்தைப் பூட்டவில்லை. வாத்தியாருக்குச் சம்பளம் வந்தது. பிள்ளைகள் கத்திப் பாடம் படிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் மாரியாயி, "நம்ம புள்ளதான் எல்லாத்துக்கும் மேல கத்துது" என்பாள். போனது போகட்டும், இதாவது மிஞ்சியதே என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்புறம் ஒரு காலை, வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்துக்குத் துரையே வந்தான். பக்கத்தில் சின்னையா கங்காணி கைகட்டி நின்றார். துரைக்கு எங்கள் தமிழ் தெரியும், அதட்டுகிற அளவுக்கு.

"கள்ளு யாவாரம் நல்லா ஏறிப்போச்சு. குடிக்கறதுக்குக் காசு இருக்கு. அப்போ கூலி ஜாஸ்தி இருக்கு. இன்னிலேந்து கூலி கம்மி. சர்க்கார் ஆளும் அதான் சொல்றான்."

மாரியாயி மட்டும் வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

"தொரை, நாங்க ஆசைக்குக் குடிக்கல. பள்ளிக்கூடத்துக்காகத்தான் குடிக்கிறோம்!"

துரை கங்காணியைப் பார்த்தான். கங்காணி பல்லைக் காட்டினார். துரையும் சிரித்தான். அவ்வளவு நல்ல வேடிக்கையை அவன் அந்த வருஷம் கேட்டிருக்க மாட்டான். பாவிகள். எங்கள் பிள்ளைகள் படிக்க நாங்கள் குடிக்க வேண்டும், நாங்கள் குடித்தால் எங்கள் கூலியில் கைவைப்பார்கள். இந்தக் கணக்கைப் போட்டவன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தானோ!

குறைந்த கூலியில் அரிசிக்கே இழுபறி. அந்த மாசமே மாரியாயி தனலெட்சுமியைப் புல்வெட்டுக்கு அனுப்பினாள். அவள் மட்டுமல்ல, லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் போனார்கள். கங்காணியின் பிள்ளைகளும் கணக்கெழுதும் கிராணியின் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் தாராளமாகக் கால் நீட்டி உட்கார்ந்து படித்தார்கள். மாரியாயி வேலைக்குப் போகும்போது பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பாமல், சுற்றுவழியாகப் பெண்ணைக் கூட்டிப்போனாள். கள்ளுக்கடை மட்டும் காயவில்லை. சத்தியம் உடைந்த பிறகு எந்த ஆம்பிளையையும் நிறுத்த முடியவில்லை. எந்தச் சாமி பேரைச் சொல்லி நிறுத்துவது?

சம்பள நாள் வந்தது. தனலெட்சுமி தன் முதல் கூலியைப் பாவாடை நுனியில் முடிந்துகொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தாள். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். ரெங்கசாமி உள்ளேயிருந்து வந்தான். பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினான்.

"தாயி, பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் குடு."

பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. முடிச்சை அவசரமாக அவிழ்த்து அவ்வளவையும் அப்பன் கையில் கொட்டினாள்.

"எல்லாத்தையும் குடுத்துடுங்கப்பா. நாளைக்கே வந்துடுறேன்னு சார்கிட்டச் சொல்லிடுங்க."

ரெங்கசாமி கையிலிருந்த காசையே பார்த்தான். திருப்பிக் கொடுத்துவிடுவான் என்றுதான் நான் நினைத்தேன். மாரியாயியும் அப்படித்தான் நினைத்திருப்பாள், படியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்துகொண்டாள். அவன், "சொல்றேன் தாயி" என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

தனலெட்சுமி உள்ளே ஓடினாள். மடித்து வைத்திருந்த பச்சைப் பாவாடையை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவிடம் நீட்டினாள்.

"இதத் தொவச்சுப் போடும்மா. நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போறேன்."

மாரியாயி பாவாடையை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.