மழை மட்டி

உண்மையை மறைப்பதற்கென்று மனிதர்களுக்கு ஒரு தனி உறுப்பு இருக்கிறது. எனக்கு அது பிறவியிலேயே இல்லை. ஆய்வகத்தில் வெள்ளைக் கோட்டு மாட்டியவன் வாயைத் திறந்தால் உண்மைக்காகத்தான் திறப்பான். மட்டிக்காக வாயைத் திறப்பவர் என் அத்தான்.

அக்காவின் கணவர். கழிமுகத்தில் அள்ளிய மட்டிச் சிப்பியை அவித்து விற்கிறார். கடைக்கு மேலே வீடு. வீட்டுக்கு இலவச இணைப்பு நான். "நல்ல மட்டியா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், பதிலே சொல்லாமல் ஒன்றைப் பிளந்து வாயில் போட்டு, கண்ணை மூடி மெல்லுவார்.

"அத்தான், உங்களுக்கு இருக்கிறது வயிறு இல்ல, விளம்பரப் பலகை" என்பேன். இன்னொன்றைப் பிளப்பார்.

பல்கலைக்கழகத்தில் எங்கள் துறை வருடாவருடம் இந்த மட்டியைச் சோதித்து 'உண்ணத் தகுந்தது' என்று சான்று தருகிறது. அது கடைச் சுவரில் கண்ணாடிக்குள் தொங்குகிறது. மாதிரி எடுப்பது எப்போதும் கோடையில்தான். மழையில் பேராசிரியருக்குச் சளி பிடிக்கும். இந்தக் கோடையில் என் முறை. நான் தூங்கிவிட்டேன். மழை பிடித்த பிறகு, படகேறச் சோம்பல்பட்டு, அத்தானின் கூடையிலிருந்தே ஒரு பை எடுத்துப்போனேன்.

ஈயம், வரம்பைப் போல் மூன்று மடங்கு. மறுபடி செய்து பார்த்தேன். அதேதான். ஊரிலுள்ள பேட்டரிப் பட்டறைகளையெல்லாம் மழை கழுவிக் கழிமுகத்தில் ஊற்றியிருந்தது.

"மழையில யாருப்பா எடுக்கச் சொன்னா?" என்றார் பேராசிரியர். "கோடை வரட்டும், சரியாயிடும்."

கோடைக்கு முன்னால் அக்காவுக்குப் பிள்ளை வந்துவிடும். தட்டில் மட்டி இல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அடுக்களைக்குப் போய்ச் சொன்னேன். "மட்டி வேணாம்க்கா. ஈயம் இருக்கு."

"மூணு தண்ணி அலசித்தான்டா வேக வைக்கிறேன்."

"அலசினா போகாதுக்கா. சதைக்குள்ள இருக்கு."

"அப்ப உங்க வாத்தியார் கையெழுத்துப் போட்டது எதுக்காம்? போடா, பெரிய இவன்!"

சிரித்துக்கொண்டே கடைக்கு இறங்கினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கடையில் கூட்டம். ஓர் அம்மாள் மட்டி வெந்த கொப்பரையைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். "மழை மட்டி ஆகாதுங்கிறாங்களே?"

அத்தான் முகம் மலர்ந்தது. "நம்ம வீட்டு விஞ்ஞானியே வந்துட்டாரு, கேளுங்க. சொல்லு மச்சான்!"

கொப்பரைக்கும் சுவருக்கும் நடுவில் நான். முதுகில் சான்றிதழின் கண்ணாடி இடித்தது. ஒரு வார்த்தை சொன்னால் கடை இன்றைக்கே படுத்துவிடும். அக்காவும் அத்தானும் அதை நம்பித்தான் பிள்ளை பெறப்போகிறார்கள். வாய் திறந்தது. காற்றுதான் வந்தது.

"அவன் என்னத்தச் சொல்றது? பிள்ளைத்தாச்சி நானே சாப்பிட்டா நம்புவீங்கல்ல?" என்று அக்கா ஒன்றைப் பிளந்தாள்.

அவள் கை உதட்டுக்குப் போவதற்குள் பிடுங்கி என் வாயில் போட்டுக்கொண்டேன்.

"அலையுறான் பாரு!" முதுகில் ஒன்று வைத்தாள். கூட்டம் சிரித்தது.

"ஆராய்ச்சி பண்ற பிள்ளையே இந்தப் பறப்புப் பறக்குதே. எனக்கு ரெண்டு படி போடுங்க" என்றாள் அந்த அம்மாள்.

அக்காவின் கை மறுபடியும் கொப்பரைக்குப் போனது. அவள் எடுத்ததையும் நான் வாங்கி, கண்ணை மூடி மென்றேன்.