எட்டு டன்னுக்குள் ஓர் அடுப்பு

ரொட்டிக்கடைச் சுவரில்தான் அந்த அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மழைக்காலம் முடியும்வரை ஊருக்கு வரும் சாலையில் எட்டு டன்னுக்கு மேல் எடையுள்ள எந்த வண்டியும் வரக்கூடாது. அடிமண் ஊறிக் கிடக்கிறது, சாலை தாங்காது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ரொட்டிக்கடைக்காரி தினமும் ஷட்டரைத் தூக்கும்போது அதைப் பார்ப்பாள். "நாம என்ன லாரியா ஓட்டுறோம்?" என்று உள்ளே போய்விடுவாள்.

அந்த வாரமே கடையின் பழைய அடுப்பு நெடுக விரிசல் விட்டுப் படுத்துக்கொண்டது. கடை மூடிக் கிடந்தது. வேறொரு ஊரில் மூடிவிட்ட கடையின் அடுப்பு ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும் தம்பிக்குப் போன் போட்டாள். அவனிடம் சொந்தமாக லாரி இருந்தது. வீட்டில் அவனுக்கு 'அவசரம்' என்றே பெயர். எதையும் முழுசாகக் கேட்டு முடிக்கும் பழக்கம் அவனுக்கு இல்லை. அக்கா "அடுப்பு" என்றதுமே கிளம்பிவிட்டான்.

அடுப்பைப் பிரித்து ஏற்றினார்கள். சூடு தாங்கும் செங்கற்களை அடியில் அடுக்கி, மேலே இரும்புக் கூட்டையும் கதவுகளையும் வைத்துக் கட்டினார்கள். அக்காவும் தம்பியும் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார்கள். ஊர்ச் சாலை பிரியும் இடத்தில் எடைமேடையைப் பார்த்தபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"டேய், நம்ம வண்டி எத்தனை டன்டா?"

"ஏன்க்கா?"

அவள் பதில் சொல்வதற்குள் மழைக்கோட்டு போட்ட அதிகாரி அம்மா கையைக் காட்டி வண்டியை மேடையில் ஏற்றச் சொன்னார். முள் பத்தையும் தாண்டி நின்றது.

"இப்படியே போக முடியாதுப்பா. ஆனா..." என்று அந்த அம்மா ஆரம்பித்தார்.

அவசரம் அதற்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டான். "பின்பக்கமா ஒரு மண்ரோடு இருக்குக்கா. ஒரு ஈ காக்கா இருக்காது. சுத்திப் போயிடலாம்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மூடிக் கிடக்கும் கடை கண்முன் வந்து நின்றது. அவள் சரியென்று தலையாட்டினாள்.

லாரியைப் பின்னால் எடுத்துத் திருப்பினான். பின்சக்கரம் சாலையோர மண்ணில் இறங்கியதுதான் தாமதம், பொதபொதவென்று உள்ளே போனது. வண்டி அவள் பக்கமாகச் சாய்ந்தது. பின்னால் இரும்புக் கூடு கயிற்றை இழுத்து முனகியது. கண்ணாடிக்கு வெளியே நீர் நிரம்பிய பள்ளம் கண்ணுக்கு நேராக இருந்தது.

"அக்கா, அசையாத!" அவசரத்தின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. அவன் தன் பக்கக் கதவை மேல்நோக்கித் தள்ளித் திறந்து, வெளியே தொற்றிக்கொண்டு கையை நீட்டினான். அதைப் பிடித்து இருக்கை மேல் முழங்காலிட்டு ஏறினாள். அதிகாரி அம்மா மழையில் ஓடி வந்து அவள் இடுப்பைப் பிடித்து இறக்கினார்.

"அடி பட்டுச்சாம்மா?"

"இல்லைங்க." அவள் முகத்தில் வழிந்த மழைநீரைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா, சுமையைப் பிரிச்சு எடுத்துட்டுப் போகலாம்னுதான் சொல்ல வந்தேன்" என்றார் அந்த அம்மா. "எங்க கொட்டகையிலயே இறக்கி வைங்க. கணக்கு வண்டியோட எடைக்குத்தான். கல்லைக் கொஞ்சம் கொஞ்சமா சின்ன வண்டியில கொண்டு போனா யார் வேண்டாம்னா?"

அவசரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். "வண்டி கவுந்துச்சா? நீ நல்லாயிருக்கியா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு தங்கள் பழைய வேனோடு வந்தார். தனியாக வரவில்லை. தையற்காரர் தன் காரில் வந்தார், மருந்துக்கடைக்காரர் இன்னொரு காரில் வந்தார், அவளோடு வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத எதிர்வீட்டு நாத்தனாரும் வந்து இறங்கினாள்.

"காலையில ரொட்டி இல்லாம எங்க வீட்ல ரகளை" என்றாள் நாத்தனார், யார் முகத்தையும் பார்க்காமல். "கல்லைக் கொடுங்க."

எடைமேடை ஆட்களும் கை கொடுத்தார்கள். கயிற்றை அவிழ்த்து, இரும்புக் கூட்டைக் கட்டையில் நகர்த்தி, கற்களைக் கை மாற்றிக் கை மாற்றி இறக்கினார்கள். சுமை குறையக் குறைய லாரி மூச்சு விட்டு நிமிர்வதுபோல் எழுந்தது. பலகை போட்டு இழுத்ததும் சக்கரம் மேலே வந்துவிட்டது.

கூட்டை மட்டும் மறுபடி கட்டிக்கொண்டு மேடையில் ஏற்றினார்கள். முள் எட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அதிகாரி அம்மா தலையசைத்தார். "மெதுவா போங்க. நடுச்சாலையிலயே போங்க."

இந்த முறை அவசரம் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு கடைசி வார்த்தைவரை கேட்டான். "வேற ஏதாவது இருக்குங்களா மேடம்?" என்றுகூடக் கேட்டான். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சாலை ஈரத்தில் மினுங்கியது. லாரி ஆமையாய் ஊர்ந்தது. முன்னால் அவள் வீட்டுக்காரரின் வேன், பின்னால் முதல் நடைக் கல் ஏற்றிய கார்கள்; மீதிக் கல் எடைமேடைக் கொட்டகையில் இருந்தது. அவள் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் மடியிலும் நாலு கல்லை வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். ரொட்டிக்கடைக்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததில் கண்ணில் நீர் முட்டியது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லடா. ரோட்டைப் பார்த்து ஓட்டு."

நெஞ்சிலிருந்து ஏதோ கழன்று விழுந்ததுபோல், இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.