ஐஸ் பெட்டியில் முதல் ஆள்

ஆழ்வார்பேட்டையில் ஸ்ரீவத்சன் நடத்திய ஆலோசனை நிலையத்தில், உயில் எழுத வருகிறவர்களிடம் சாவு என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. 'காலத்துக்கு அப்புறம்' என்று சொல்லலாம். 'அது' என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்ப்பது இன்னும் உத்தமம். பார்த்துப் பார்த்தே, அங்கே புதிதாகச் சேர்ந்த காஷிஃபுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. சொத்தில் ஒரு பங்கைத் தர்மத்துக்கு எழுதிவைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு வழி சொல்வதுதான் அவன் வேலை. இதுவரை ஒருவருக்கும் ஆசை வரவில்லை. இந்த மாதமும் வராவிட்டால் வேலை நிரந்தரமாகாது.

அப்போதுதான் சாந்தோமிலிருந்து மர்சலின் டீச்சர் வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். உட்காருவதற்கு முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"தம்பி, எங்க சர்ச்சு இருக்கே, பங்குக் கோயில், அதுக்கு ஒரு ஐஸ் பெட்டி தரணும். பொணம் வைக்கிற பெட்டி. நான் செத்ததும் என் பணத்துல வாங்கணும். முதல்ல என்னை வைக்கணும். அப்புறம் யாரை வேணா வைக்கட்டும்."

ஒரே மூச்சில் பொணம், செத்ததும். அடுத்த அறையில் ஸ்ரீவத்சனுக்குப் புரையேறியது.

"அது முடியாதே டீச்சர். உயில்படி பணம் கைக்கு வர மாசக்கணக்கா ஆகும்."

"அதுவரைக்கும் நான் எங்க இருப்பேன்?"

காஷிஃப் கூரையைப் பார்த்தான்.

"அங்க இல்லப்பா. உடம்பைக் கேக்கறேன்."

உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடலாம், முதல் உரிமை டீச்சருக்கே என்று தானப் பத்திரத்தில் நிபந்தனை போட்டுவிடலாம் என்றான் காஷிஃப். டீச்சர் 'குட்' என்றார். வகுப்பில் ஒருத்தருக்கும் சொல்லாத குட்.

எழுதிய பத்திரத்தை ஸ்ரீவத்சன் பார்த்தார். "என்னடா இது, 'மரணத்திற்குப் பின்'னு போட்டிருக்கே? கார்த்தால ஆத்துலேர்ந்து சாமி கும்பிட்டுட்டு வந்திருக்கேன். அடிச்சுடு." அடித்தபின் மிஞ்சியது இதுதான்: 'இப்பெட்டியில் முதலில் மர்சலின் அம்மையார் படுக்க வேண்டும். அதன் பின்னரே பிறர்.'

பெட்டி வந்தது. பக்கவாட்டில் 'கணவர் பவுல்சாமி நினைவாக' என்று சிவப்பு எழுத்து. கோயிலின் பங்குப் பேரவைச் செயலாளர் ஃபிரெட்ரிக் கையில் மாலையோடு, டீச்சருக்கா பெட்டிக்கா என்று குழம்பி, பெட்டிக்கே போட்டார்.

அடுத்த வாரமே பங்குக் கோயில் குடும்பம் ஒன்றில் ஒரு சாவு. புதுப் பெட்டி ஹாலில் பளபளவென்று நிற்க, திருவல்லிக்கேணியிலிருந்து வாடகைப் பெட்டி வந்தது. அன்றிலிருந்து டீச்சர் மேல் ஊருக்கே அக்கறை.

"உடம்பு எப்படி டீச்சர்?"

"நல்லாருக்கேன்."

"ஓ… சரி, பரவால்ல."

டீச்சர் மறுபடி ஆழ்வார்பேட்டைக்கு வந்தார். "ஜெபக்கூட்டத்துல எனக்கு நல்ல மரணம் கேட்டு வேண்டிக்கிறாங்க தம்பி. அது கூடப் பரவால்ல. சீக்கிரம்னு ஃபிரெட்ரிக் தனியா சேத்துக்கறான்."

"நிபந்தனையை விட்டுடலாமே?"

"விட மாட்டேன். ஒண்ணு, முதல் ஆள் நான். இல்ல, பெட்டியைத் திருப்பி வாங்கிக் குடு."

தானம் திரும்பினால் வேலையும் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். காஷிஃப் பத்திரத்தை எழுத்துக்கூட்டிப் படித்தான். மறுபடி படித்தான்.

"டீச்சர், படுக்கணும்னுதான் இருக்கு. செத்துட்டுப் படுக்கணும்னு எங்கயுமே இல்ல!"

அடுத்த அறையில் ஒரு நாற்காலி சாய்ந்த சத்தம் கேட்டது.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஹாலில் கூட்டம். வெளியே கத்திரி வெயில். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு பெட்டிக்குள் படுத்தார். மூடியைத் திறந்தே வைக்க வேண்டும் என்று காஷிஃப் பிடித்துக்கொண்டே நின்றான். ஃபிரெட்ரிக் சுவிட்சைப் போட்டார். பாடகர் குழு, எந்தப் பாட்டு என்று விளங்காமல், பொதுவாக இருக்கட்டும் என்று பிறந்தநாள் பாட்டைப் பாடியது.

"போதும் டீச்சர், வாங்க. நிபந்தனை தீர்ந்துச்சு."

டீச்சர் அசையவில்லை. காஷிஃப் பெட்டிக்குள் குனிந்தான். "டீச்சர்?"

ஒரு கண் திறந்தது. "சும்மாரு தம்பி. எங்க தெருவுல ராத்திரிலேர்ந்து கரண்டு இல்ல."

இதற்குள் பின்னால் ஈவ்லின் ஆன்ட்டியும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வரிசை வாசல்வரை போய்விட்டது.

"இன்னாப்பா, ரெண்டாவது ஆள் நான்னு பத்திரம் எழுதித் தருவியா?" என்றார் ஈவ்லின். "நானும் ஏதாவது தானம் பண்றேன்."

காஷிஃப் பேனாவை எடுத்தான். "தாராளமா ஆன்ட்டி. முதல் ஆள் எழுந்திரிக்கட்டும்."

முதல் ஆள் குறட்டை விட ஆரம்பித்திருந்தார்.