எல்டர்கோட்டின் பத்தொன்பது பெயர்கள்

எல்டர்கோட்டை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் மூன்று கிழமையாக அதைத்தான் பாடமாக்கினேன். பிரான்சில், மார்க்ஸ் டோர்மோயில் ஆறு பெண்கள் படுக்கிற அறையின் குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு முணுமுணுத்தேன்.

இங்கிலாந்தின் ஒரு மூலையில் கிடக்கும் அந்தக் கிராமத்தில் ஒரேயொரு தமிழ்க் குடும்பம் பெற்றோல் நிலையம் நடத்துகிறது. அந்த வீட்டு நாகேஸ்வரிக்கு என் முகச்சாடையாம். அவளுடைய பாஸ்போட்டில்தான் நான் லண்டன் போகவேண்டும்.

"ஊரைப் பற்றிக் கேப்பாங்கள் அக்கா. போன மாசம் ரெண்டு பேர் தடக்கிப் பிடிபட்டவை," என்றான் கள்ளமாய் ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் றூபன். ஏதோ பஸ் பிந்துகிறது என்பதுபோலச் சொன்னான்.

லண்டனில் இருக்கும் என் கணவர் தவசீலன், ஏஜென்சிக்குக் காசு கட்டுவது இதுதான் கடைசித் தரம் என்று சொல்லிவிட்டார். மகளுக்கு எட்டு வயது. 2009இல் கைக்குழந்தையாகப் பிரிந்த பிள்ளை. போனில் என் குரலைக் கேட்டால், "ஆர் இது?" என்று தகப்பனிடம் கேட்கிறாள்.

ஆகவே படித்தேன். எண்ணூறு வருசத் தேவாலயம். இடி விழுந்து சரிந்த கோபுரம். வாய் நீண்ட பெண்களை அந்தக் காலத்தில் தண்டனையாக முக்கியெடுத்த குளம். நான் அங்கே பிறந்திருந்தால் தண்ணீரிலேயே குடித்தனம் நடத்தியிருப்பேன். குளத்தடியில், முதலாம் உலக யுத்தத்தில் செத்த பத்தொன்பது பெடியளின் பெயர் வெட்டிய கல். நூறு வருசமாகியும் அதை ஒருவரும் இடிக்கவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. இயக்கத்தில் செத்த என் தம்பியின் துயிலுமில்லக் கல்லை, யுத்தம் முடிந்த கையோடு ஆமி புல்டோசரால் தள்ளிவிட்டது.

லண்டன் ரயில் வெளிக்கிடும் கார் து நோர் ஸ்டேஷனுக்கு அறையிலிருந்து நடந்தே போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிக்கு நரைத்த தலை, சாந்தமான முகம். தேவாலயத்தைக் கேட்டார், சொன்னேன். குளத்தைக் கேட்டார், சொன்னேன். பாஸ்போட்டை நீட்டவே தொடங்கிவிட்டார்.

"நவம்பரில் அந்தக் கல்லடியில் என்ன செய்வீர்கள்?"

சிவப்புப் பூ வளையம் வைப்பார்கள் என்று றூபனின் தாளில் இருந்தது. ஆனால் எங்கள் மாவீரர் நாளும் நவம்பரில்தான்; அந்த மாதப் பெயரைக் கேட்டதும் என் வாய் எனக்குச் சொந்தமில்லாமல் போயிற்று.

"செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவோம்," என்றேன், தெரிந்த இங்கிலீசில். "அவரவர் பிள்ளையின் தலைமாட்டில் விளக்கேற்றுவோம். அழுவோம்."

அவர் பாஸ்போட்டோடு நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கோபப்படவில்லை.

"அம்மா, அந்தக் கல்லுக்குக் கீழே ஒருவரும் இல்லை. வெறும் பெயர்கள்தான்," என்றார். "அந்தப் பெடியன்கள் ஊருக்குத் திரும்பவேயில்லை. எல்லோரும் இங்கேதான், பிரான்ஸ் மண்ணுக்குள்."

பிறகு பக்கத்துக் கதவைக் காட்டி, அங்கே போய் இருக்கச் சொன்னார்.