கந்தனுக்குக் கன்னம் வந்தது

எருமப்பட்டிக்கு மேற்கே இருந்த அந்த ஊரில் மழை இரண்டு வருஷமாக ஏமாற்றிவிட்டது. உலகச் சண்டை வந்ததில் பர்மா அரிசியும் நின்றுபோனது. கூலி வேலை செய்து பிழைக்கிறவர்களின் தெருவில் எந்தக் குழந்தையைத் தூக்கினாலும் விலா எலும்பு கையில் இடித்தது. அப்பேர்ப்பட்ட காலத்தில் மாரக்காளின் மகன் கந்தனுக்கு மட்டும் கன்னம் உப்பிக்கொண்டு வந்தது.

மாரக்காளுக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டரை வயசுப் பையன், முகம் வட்டமாகி, காலும் பாதமும் மொழுமொழுவென்று திரண்டிருந்தன. பக்கத்து வீட்டுப் பொன்னாயி, "என்னத்தைப் போட்டு வளக்கறே?" என்று கேட்கிற அன்றைக்கெல்லாம் பையன் கன்னத்தில் மைப்பொட்டு ஒரு சுற்றுப் பெரிசாகும். முன்னே மாதிரி அவன் ஓடியாடவில்லை. அழுவதும் நின்றுபோயிருந்தது. உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பான். சமத்தாகிவிட்டான் என்று நினைத்தாள். தலைமயிர் செம்பட்டை அடித்த பழியை வெயில்மேல் போட்டாள். பெற்றவள் கண்ணுக்கு வேறென்ன தெரியும்?

அவள் ஊட்டியதெல்லாம் மரவள்ளிக் கிழங்கு. கந்தப்ப கவுண்டர் பண்ணையத்தில்தான் அவளுக்கு வேலை. முன்பெல்லாம் அங்கே கம்பும் சோளமும் கூலியாகக் கிடைக்கும்; அறுப்புக் காலத்தில் அவரையும் தட்டைப்பயறும் மடியில் விழும். சேலத்திலிருந்து ஜவ்வரிசி மில்லுக்காரர்கள் வந்து கிழங்கு கேட்க ஆரம்பித்தார்களோ இல்லையோ, கவுண்டர் எல்லாக் காட்டிலும் மரவள்ளிக் குச்சியை நட்டுவிட்டார். காய்ந்த காட்டிலும் வருகிற வெள்ளாமை அது, அவரையும் குற்றம் சொல்ல முடியாது. மில்லுக்கு ஆகாத கிழங்கு கூலியாயிற்று. காலையில் அவித்த கிழங்கு, ராத்திரி கிழங்குமாவுக் கூழ். வயிறு என்னவோ நிறைந்தது. பாலுக்கு எங்கே போவது? ஐப்பசியில் பெண்குழந்தை பிறந்ததுமே கந்தனை மாரிலிருந்து இறக்கிவிட்டாள். புருஷன் மாரியப்பன் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குப் போனவன், இன்னும் திரும்பவில்லை.

ஊர் வாய்க்கு மட்டும் எந்தக் காலத்தில் பஞ்சம் வந்தது? பண்ணையத்தில் மாரக்காளின் வேலை காளைகளுக்குக் கொள்ளு ஊறப்போட்டு ஆட்டிவைப்பது. அந்தக் காளைகளோ தின்னச் சோளத்தட்டுக்கு வழியில்லாமல் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நின்றன. காளை வற்றுகிறது, கொள்ளு ஆட்டுகிறவள் பையன் உப்புகிறான். பொன்னாயி இரண்டையும் முடிச்சுப் போட்டாள். அந்தப் பேச்சு நாலு வாசல் தாண்டிக் கவுண்டர் சம்சாரம் வள்ளியாத்தாளின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

வள்ளியாத்தாள் கெட்டவள் இல்லை. ஆனால் காளைகளைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்க்கிறவள். மாரக்காளைக் கூப்பிட்டு, காளைக் கொள்ளு உன் பையன் வாய்க்குப் போகிறதா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். மாரக்காள் இல்லவே இல்லை என்று அழுதாள்.

"அப்படீன்னா கருப்பனார் கோயிலுக்கு வா. பையன் தலையில கை வச்சுக் கற்பூரத்தை அணைச்சுச் சொல்லிப்போடு. இல்லாட்டி நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

வேலை போனால் அந்தக் கிழங்கும் போச்சு. பொய்ச் சத்தியம் செய்தால் பிள்ளை வற்றிப் போகும் என்பது அந்தச் சீமையில் எல்லாருக்கும் தெரியும். தான் பொய் சொல்லவில்லையே என்ற தைரியத்தில் மாரக்காள் ஒப்புக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கோயில் மரத்தடியில் பாதி ஊர் கூடிவிட்டது. சத்தியத்துக்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் சத்தியம் கேட்ட வள்ளியாத்தாளே பையனை வாங்கித் தொடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மாரக்காள் ஒரு கையை அவன் தலையில் வைத்து, மறு கையால் எரிகிற கற்பூரத்தை அணைத்தாள். காளைக்கு வைத்த கொள்ளு எதையும் நான் திருடவில்லை என்று மூன்று தரம் சொன்னாள். கை சுட்டது அவளுக்குத் தெரியவே இல்லை.

பையனைத் திருப்பிக் கொடுக்கப் போன வள்ளியாத்தாள் கொடுக்காமல் நின்றாள். அத்தனை பெரிய உடம்பு கையில் கனக்கவே இல்லை. அவள் பிடித்திருந்த இடத்தில் நாலு விரல் தடமும் களியில் அழுத்தின மாதிரி குழியாகக் கிடந்தன. பாதத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். அங்கேயும் குழி விழுந்தது, மேலே வரவில்லை. மேய்ச்சல் இல்லாத கோடையில் ஆட்டுக்குத் தாடையடியில் நீர் இறங்குவதை அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். அப்படி இறங்கின ஆட்டைப் பார்த்துக் கொழுத்திருக்கிறது என்று எந்தக் குடியானவச்சியும் சொல்ல மாட்டாள்.

"இது சதையில்ல புள்ளெ, நீரு," என்றாள். "பையன் பட்டினி கெடக்கறான்."

மாரக்காளுக்குப் புரியவில்லை. வயிறு நிறையத்தானே போட்டேன் என்றாள். கிழங்கு வயிற்றை நிரப்பும், உடம்பைக் கட்டாது என்று வள்ளியாத்தாள் சொன்னாள். அடுத்த நாளிலிருந்து பையனைத் தன் சமையலறை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னாள். அவித்து மசித்த பயறு, ஆடை எடுத்த மோர், அப்புறம் கொஞ்சம் பால், எல்லாம் ஒவ்வொரு சங்காகக் கொஞ்சங்கொஞ்சமாகத்தான். காய்ந்து கிடந்த மாட்டைப் பச்சைக் காட்டில் அவிழ்த்துவிட்டால் வயிறு உப்பிச் சாகும் என்று தெரிந்தவள் அவள்.

பையன் பகலும் ராத்திரியுமாக மூத்திரம் போனான். கன்னம் இறங்கியது. பாதம் சூம்பியது. பத்துப் பன்னிரண்டு நாளில் அந்த வட்ட முகம் போய், கண்ணும் பல்லுமாக ஒரு கிழட்டு முகம் வந்தது. முதுகெலும்பைத் தடவினால் கைக்கு முள் முள்ளாக அகப்பட்டது. தெருவில் பேச்சு மறுபடியும் கிளம்பிவிட்டது. பாருங்கடி, கருப்பன் கேட்டுவிட்டான், அணைத்த கற்பூரம் பிள்ளையை உருக்குகிறது என்றார்கள். சொன்னவர்களில் முதல் ஆள் பொன்னாயிதான், வேறு யார்?

மற்றவர்கள் சொன்னதை மாரக்காள் தாங்கியிருப்பாள். தன் மனசு சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. பெண்குழந்தை வயிற்றில் இருந்தபோது, கொள்ளு ஆட்டிவிட்டுக் கையைக் கழுவாமல் நக்கியிருக்கிறாள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. பசி தாங்காமல் செய்தது, அதைத் திருட்டு என்று அவள் நினைத்ததே இல்லை. கருப்பன் நினைத்துவிட்டானோ? அன்றைக்கு அவனைச் சமையலறை வாசலுக்குக் கொண்டுபோகவே இல்லை; பயறு கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை. சாமி குற்றம் இருக்கும்போது இது உள்ளே போய் இன்னும் கேடு செய்துவிடுமோ என்று பயந்தாள். மறுநாள் காலையில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வள்ளியாத்தாளின் சமையலறை வாசலில் போய் நின்றாள்.

"ஏனுங்காத்தா, நான் பொய்ச் சத்தியம் பண்ணிப்போட்டனுங்க. புள்ளத்தாச்சியா இருந்தப்போ கொள்ளு ஆட்டீட்டுக் கைய நக்கிப்போட்டனுங்க. கருப்பன் எம்பட பையனை எடுத்துக்கறானுங்க. என்ன பரிகாரம்னாலும் சொல்லுங்க, பண்ணீர்றேன்."

வள்ளியாத்தாள் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். காளைக்கு வைக்கும் கொள்ளில் ஒரு பிடியைக்கூட இவளுக்குக் கொடுக்கத் தனக்கு ஏன் தோன்றவில்லை என்று நெஞ்சு அறுத்தது. இவளிடம்போய்ச் சத்தியம் வாங்கினோமே என்று வெட்கமாக இருந்தது.

"கைய நக்குனதுக்கா சாமி வரும்? ஒரு கை அள்ளி இவன் வாயில போட்டிருக்கலாமே புள்ளெ. போட்டிருந்தா இந்தக் கதி ஆயிருக்காதே," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பையனின் காலைத் தொட்டுக் காட்டினாள். "நீரு வடிஞ்சுபோச்சு. இதுதான் உம்பட பையன். இத்தனை நாளும் நாம பார்த்தது இவனையில்ல."

மாரக்காள் பையனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அடுப்பு மேடையில் ஆவி பறக்க இருந்த பயற்றுக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். குச்சிக் கையை அதை நோக்கி நீட்டினான். எட்டவில்லை. உடம்பை வளைத்து, வாயைப் பிளந்து, வீடே அதிரும்படி வீறிட்டான். மாசக்கணக்கில் சத்தமே கேட்காத பிள்ளை அது.

கவுண்டர் வீட்டில் இப்படிக் கத்துகிறானே என்று அவன் வாயைப் பொத்தப் போன மாரக்காளின் கை பாதியில் நின்றது. வள்ளியாத்தாள் கிண்ணத்தை எடுத்து வந்து அவளிடம் நீட்டினாள்.

"அழு சாமி," என்றாள் மாரக்காள். "நல்லாக் கேட்டு அழு."