மணிக்கட்டில் நாலு சுற்று டேப்

நாற்பதாவது பந்தும் நெஞ்சுயரத்தில் நேராகத்தான் போனது. கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்த அணித்தோழி ஷெல்பி அதைப் பிடித்துவிட்டுக் கொட்டாவி விட்டாள்.

"இந்தப் பந்தை எங்க வீட்டு நாய்கூட வேலிக்கு வெளிய அடிச்சிடும்டி."

ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றியிருந்த டானா எச்சிலைத் துப்பினாள். கையைச் சுழற்றாமல் மணிக்கட்டை மட்டும் வைத்துப் போடும் பயிற்சி. இடுப்பைத் தாண்டும்போது மணிக்கட்டு தளர்ந்து சுண்ட வேண்டும். சுண்டினால், அடிப்பவளின் முன்னால் பந்து சட்டென்று இறங்கும். இரண்டு வாரமாக இறங்கவில்லை. நாளை கோச் பார்ப்பார். இறங்காவிட்டால் சனிக்கிழமை மாவட்ட சாஃப்ட்பால் ஆட்டத்தில் பந்து போடுவது ஒன்பதாம் வகுப்பு கின்ஸி. டானாவுக்குப் பள்ளியில் இது கடைசி வருடம்.

"சுண்டுடி!"

"சுண்டிக்கிட்டுதான இருக்கேன்!"

"கிழிச்ச. கதவைத் தள்ளுற மாதிரி தள்ளுற."

அடுத்ததும் அப்படியே. டானா கையுறையைக் கழற்றி மாட்டுக் கொட்டகைச் சுவரில் அடித்தாள். ஷெல்பி எழுந்து வந்து அவளுடைய சட்டைக்கையை மேலே தள்ளினாள். மணிக்கட்டில் நாலு சுற்று டேப்.

"அடிப்பாவி! இதோடயா போடுற? மணிக்கட்டு எப்படிச் சுண்டும்?"

"புல்கட்டு தூக்கக் கட்டினது. ஒவ்வொண்ணும் அறுபது பவுண்டு. அவுத்தா உயிர் போகுது. கோச்சுக்குத் தெரிஞ்சா ஆட விடாம உட்கார வச்சிடுவாரு."

ஷெல்பி வெடுக்கென்று பிய்த்தாள். முடியும் சேர்ந்து வந்தது. டானா திட்டிக்கொண்டே போட்டாள். மணிக்கட்டில் சுருக்கென்று வலி ஏறியது. பந்து இறங்கி, தரையில் பட்டு, ஷெல்பியின் முழங்காலுக்குக் கீழே மோதியது.

"ஐயோ! இதுதான்டி, இதுதான்!" காலைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

அதற்குள் டானாவின் அப்பா வேர்ன் லாரி ஹாரனை அமுக்கினார். மேற்கே வானம் கறுத்திருந்தது. கீழ் வயலில் இருநூறு கட்டுகள் கிடந்தன. நனைந்தால் பனிக்காலத்தில் மாட்டுக்குப் போட ஒன்றுமிருக்காது. டேப்பை எடுக்கக் குனிந்த டானா, எடுக்காமலே லாரியில் ஏறினாள். ஷெல்பியும் தொற்றிக்கொண்டாள்.

வயலில் இறங்கியதும் டானா முதல் கட்டின் கயிற்றில் இடது கையைக் கொடுத்துத் தூக்கினாள். கட்டு நழுவி அவள் காலிலேயே விழுந்தது.

"வலது கைக்கு என்ன?" என்றார் வேர்ன்.

"நாளைக்கு வேணும்பா."

"மழை இன்னைக்கு வருது."

"தெரியும்."

மறுபடியும் இடது கையையே கொடுத்தாள். ஷெல்பி நொண்டிக்கொண்டே வந்து மறுகயிற்றைப் பிடித்தாள்.

"சனிக்கிழமை நீ தோத்துப்பாரு, கொன்னுடுவேன்."

கட்டு கோணலாக லாரியின் மேல் போய் விழுந்தது. வேர்ன் அதை நிமிர்த்தி வைத்தார். நூற்றுத் தொண்ணூற்றொன்பது பாக்கி.